கோழிகளுக்கு ஒரு நாற்சார் வீடு: இரண்டு மாரி கண்ட பதிவு

2024 கார்த்திகைக் கடைசியில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டி நகர்ந்தபோது, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவு இரவு பகலாக நனைந்தது. மழை சற்று ஓய்ந்த காலையில் கோடிப்புறம் போய், கோழிக்கூட்டின் மேற்குச் சாருக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிக் கூரை வேய்ந்த நான்கு பக்கங்களில் ஒன்றுக்குள், கையை விட்டு, தரையில் பரப்பியிருந்த உமியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். விரல்களுக்கிடையே அது பொலபொலவென்று உதிர்ந்தது. முந்திய வருடம் இதே மாதத்தில் இதே இடத்தில் அள்ளியபோது கையில் வந்தது கண்ணை எரிக்கும் நெடியுடைய கருஞ்சேறு. அந்த ஒரு பிடி காய்ந்த உமிக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். கூடு கட்டி முடித்த நாளில் எழுதியிருந்தால் பாதிப் பொய்யாகிப் போயிருக்கும்.

2023இல் கூடு கட்டத் தொடங்கியபோது எங்களிடம் ஒரு சேவலும் ஏழு பேடுகளும் நான்கு விடலைக் குஞ்சுகளும் இருந்தன, எல்லாம் ஊர்க்கோழிகள். பழைய தகரக் கூடு துருப்பிடித்து இற்றுவிட்டது. புதிதாகக் கட்டுவதென்றால் அம்மம்மாவின் நாற்சார் வீட்டைப் போலக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அந்த வீடு இப்போது இல்லை. நடுமுற்றமும், அதைச் சுற்றி நான்கு சார்களும், உட்புறமாகத் தாழ்ந்து இறங்கும் பீலி ஓட்டுக் கூரையும், வாசலில் மேலே சிறு கூரையும் இருபுறமும் திண்ணையும் வைத்த சங்கடப்படலையும் நினைவில் மட்டுமே இருக்கின்றன. மாதிரி தேடி நல்லூருக்கும் போய், யாழ்ப்பாண அரசர் கால நினைவுச் சின்னங்களாகச் சொல்லப்படும் மந்திரிமனையையும் சங்கிலியன் தோப்பு வளைவையும் நின்று பார்த்தேன். அவற்றின் வளைவுகளைக் கோழிக்கூட்டின் அளவுக்குக் குறுக்கினால் பொம்மைச் சாயல் வந்துவிடும் என்று பட்டது. குடியிருப்பு வீட்டின் வடிவமோ சிறிதாக்கினாலும் அழகு கெடாமல் நிற்கக் கூடியது. விறாந்தை, யன்னல், குசினி என்று எங்கள் வீட்டுச் சொற்களே பாதி போர்த்துக்கேயரிடமிருந்து வந்திருக்கும்போது, யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போன 1619க்கு முந்தியதா பிந்தியதா என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அம்மம்மா வீட்டில் கண்டதையே அளவாகக் கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அளவுகள் இவை. நடுமுற்றம் 4 அடிக்கு 4 அடி. நான்கு பக்கமும் உட்புற அகலம் இரண்டரை அடியுள்ள சார்கள். 9 அங்குலச் சுவரையும் சேர்த்தால் வெளியளவு பத்தரை அடிச் சதுரம். சார்களின் தரை மட்டும் 65 சதுர அடி வரும். ஒரு கோழிக்கு 4 சதுர அடி என்று வைத்தாலும் பன்னிரண்டுக்குத் தாராளமாகப் போதும். வெளித்தாழ்வாரம் 4 அடி உயரத்தில், முகடு 5 அடி உயரத்தில். சுவர் 2 அடி மட்டுமே. அதற்கு மேல் காற்றோட்டத்துக்கு வலை. சார்களின் உட்பக்கம் முற்றத்துக்குத் திறந்தபடி, நான்கு மூலையிலும் ஒவ்வொரு தூண்.

2023 வைகாசியில் அத்திவாரம் வெட்டினோம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. வளவின் மூலையில் இடிந்து கிடந்த பழைய மாட்டுக் கொட்டிலின் சுவரே இரண்டு அடிச் சுவருக்கும் ஓரடி ஆழ அத்திவாரத்துக்கும் போதுமாயிருந்தது. அத்திவாரத்தைக் கல்லால் கட்டியது இந்த வேலையில் நான் செய்த சரியான தீர்மானங்களில் ஒன்று: கீரி வந்து தோண்டிப் பார்த்துவிட்டுப் போன தடத்தை இரண்டு முறை கண்டேன், ஒரு முறையும் அதனால் உள்ளே நுழைய முடியவில்லை.

சுவர் எழும்பிய நாளில் மேசன் அண்ணை மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பிள்ளை, முற்றத்துத் தண்ணி எங்காலை போறது?” என்று கேட்டார். “கோழிக்கூட்டுக்கு எதுக்கண்ணை தூம்பு? வெயிலுக்குக் காஞ்சிடும்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சார்களின் தரையையும் முற்றத்தின் தரையையும் ஒரே மட்டமாகச் சீமெந்து போட்டு இழைத்தோம், கூட்டிக் கழுவ வசதி என்று. சோளகக் காற்று அடிக்கும் வைகாசி வெயிலில் நின்றுகொண்டு மாரியை நினைக்காமல் விட்டது என் பிழை.

அடுத்தது சுண்ணாம்பு. சீமெந்துப் பூச்சில் அந்தப் பழைய சுவரின் மென்மை வராது. அதோடு, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடித்துவிட்டுப் பகலில் சுவர் வெடிப்பிலும் மர இடுக்கிலும் ஒளியும் செள்ளுக்குச் சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவரில் இடமில்லை. சூளையில் சுட்ட கல்லை மூன்று மூட்டை வாங்கி, முதல் மூட்டையில் கொஞ்சத்தை ஒரு பிளாஸ்ரிக் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிடத்துக்குள் கல் சீறிக் கொதித்து, வாளியின் அடி மெழுகுபோல இளகிச் சரிந்தது. நல்லவேளையாகக் கண்ணாடி அணிந்திருந்தேன். நீறும் சுண்ணாம்பு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. அதன் பிறகு பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில், தண்ணீரை முதலில் நிரப்பி, கல்லைச் சிறிது சிறிதாக இட்டு நீற்றினேன். மேலே நான்கு அங்குலம் தண்ணீர் நிற்க, சாக்கால் மூடி 21 நாள் வைத்திருந்தேன். அந்த நேரம் பழைய கூட்டில் ஒரு பேடும் அடையில் இருந்தது. குஞ்சு பொரிக்க எடுக்கும் நாளும் அதே 21 என்பதால் நாட்காட்டியில் இரண்டுக்கும் ஒரே கோடு போட்டேன். மூடியைத் திறந்தபோது அடியில் வெண்ணெய்போலப் படிந்திருந்தது. கரண்டியால் அள்ளினால் சரியாமல் நின்றது.

சலித்த மணல் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. அதோடு பழைய முறைப்படி, 10 லீற்றர் தண்ணீரில் அரைக் கிலோ பனங்கட்டியைக் கரைத்து அந்தத் தண்ணீரால் குழைத்தோம். தெற்குச் சுவரை முதலில் பூசினோம். சோளகம் நேரே வந்து அடிக்கும் பக்கம் அது. மறுநாளே மயிரிழை வெடிப்புகள் வலைபோல ஓடின. சுண்ணாம்புக்கு ஈரத்தோடு மெல்ல மெல்ல இறுகுவதே இயல்பு, காற்று அதை வெறுமனே உலர்த்திவிட்டது. அந்தச் சுவரைச் சுரண்டி மீண்டும் பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் தெளித்தேன். மற்றச் சுவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சாக்குப் போட்டதால் ஒரு வெடிப்பும் இல்லை. பனங்கட்டியால் ஒரு சிறு தொல்லை: எறும்புகள் பத்து நாள் அளவுக்குச் சுவரை விட்டு அகலவில்லை. மேலே வெள்ளையடித்த பின்னர்தான் போயின. வெள்ளைக்கு அதே சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, சிட்டிகை நீலம் சேர்த்து, தடிப்பாக ஒரு முறை அடிக்காமல் மெல்லிதாக நான்கு முறை அடித்தேன்.

தூண்களில் இன்னொரு பிழை விட்டேன். அம்மம்மா வீட்டுத் தூண்கள் உருளையானவை. அந்த உருவுக்கு நாலங்குலப் பி.வி.சி. குழாயை நட்டுக் கொங்கிறீற்றால் நிரப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினேன். காயும் முன்னரே பூச்சு சட்டைபோலக் கழன்று கீழே விழுந்தது. வழுக்கும் குழாயில் சாந்து பிடிக்க ஒன்றுமில்லை. மிச்சமிருந்த கோழிவலையைக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பின் பூசியது இன்றுவரை நிற்கிறது.

கூரைக்கு, இடித்த பழைய வீடொன்றிலிருந்து பனங்கைமரமும் சிலாகையுமாக (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பதினெட்டுத் துண்டுகள், ஒன்று 800 ரூபாயாக வாங்கினேன். முதிர்ந்த பனையில் ஆணி இறங்காது. முதல் நாள் பதினொரு ஆணி வளைந்தன. பின்னர் ஆணியின் தடிப்பை விடச் சற்றுச் சிறிய துளையை முன்னரே துளைத்துவிட்டு அடித்தோம். தச்சு வேலை செய்த ஓடாவியார் சிலாகைகளைத் தொடும் முன் இரண்டு கையிலும் பழந்துணியைச் சுற்றிக்கொள்வார். நான் சுற்றவில்லை, உள்ளங்கையில் ஏறிய கருஞ்சிராய் ஒன்று வெளியே வர நான்கு நாள் எடுத்தது. அதிலிருந்தே நான் பாடம் படித்திருக்க வேண்டும். ஏனென்றால் மிஞ்சிய சிலாகைகளையே கோழிகள் இரவில் ஏறி இருக்கும் தடிகளாகப் பொருத்தினேன். இரண்டு மாதத்தில் சாம்பல் பேட்டின் பாதம் வீங்கி நொண்டத் தொடங்கியது. கழுவிப் பார்த்தால் நடுப்பாதத்தில் கறுப்புப் புள்ளியாகச் சிராய். அன்றைக்கே எல்லாத் தடிகளையும் கழற்றிவிட்டு, வேலியில் வெட்டிய பூவரசந் தடிகளை, இரண்டு அங்குலத் தடிப்பில், பட்டை உரித்துத் தேய்த்துப் போட்டேன். ஒரு கோழிக்கு 10 அங்குலம் என்ற கணக்கில் பன்னிரண்டுக்கு 10 அடித் தடி. மேற்குச் சாரில் எட்டு அடி, தெற்கில் இரண்டு அடி.

பீலி ஓடு, அதாவது அரைவட்டமாக வளைந்த நாட்டு ஓடு, பழையது 950 வாங்கினேன். ஒரு வரிசை மல்லாக்க, அடுத்த வரிசை கவிழ்க்க என்று இரட்டை அடுக்காகப் போவதால் ஒரு சதுர அடிக்கு ஆறு ஓடு வரை பிடிக்கிறது. கையில் எடுத்துத் தட்டி, மணிபோல ஒலிப்பதை மட்டும் பொறுக்கினேன். நான்கு உள்மூலைகளிலும் இரண்டு கூரைகள் கூடும் பள்ளத்தை ஓட்டினாலேயே மூடப் பார்த்தோம், ஒழுகியது. ஓரடி அகலத் தகட்டை மடித்து அடியில் வைத்த பின் நின்றது.

அலங்கார வேலையில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. தாழ்வாரத்து விளிம்பில் தொங்கும் செதுக்குப் பலகைக்கு, அயலில் உள்ள பழைய வீடொன்றின் பலகையில் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். முதலில் அதே அளவில் வேப்பம் பலகையில் ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தோம். கூடு முழுவதும் பலகையின் கீழ் அமிழ்ந்துபோனது போலத் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்காகக் குறுக்கியபோது பல் ஒன்று இரண்டரை அங்குலமாகி அழகாக அமைந்தது. வேம்பு, முக்கால் அங்குலத் தடிப்பு. ஒவ்வொரு பல்லின் நடுவிலும் ஒரு துளை, அதன் கீழ் ஒரு இலை. ஓடாவியார் இலையின் நரம்பைக்கூட உளியால் ஒரு கீறலாகக் காட்டினார். நான் கேட்காத வேலை அது. முன்பக்கத்தில் சங்கடப்படலை: சிறு இருசரிவுக் கூரை, அதன் கீழ் இரட்டைக் கதவு, வெண்கலக் குமிழ், கொண்டி, இருபுறமும் 14 அங்குல உயரத் திண்ணை. வழிப்போக்கர் இருந்து ஆறவும் தண்ணீர் குடிக்கவும் அன்று வாசலில் இடம் வைத்தார்கள். அந்த நினைவில் வலப்பக்கத் திண்ணையில் கோழிகளுக்கான தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு குழி விட்டேன். மேய்ந்துவிட்டு வரும் பேடுகள் அங்கே நின்று குடித்து, ஒவ்வொரு மிடறுக்கும் தலையை உயர்த்தி, பிறகுதான் உள்ளே போகின்றன. முட்டைப் பெட்டிகள் மூன்று, ஓரடிச் சதுரம், கிழக்குச் சாரில்; வெளியே இருந்தே மூடியைத் தூக்கி முட்டை எடுக்கலாம்.

ஆவணியில் கோழிகளைக் குடியேற்றினோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். ஐப்பசி மழை தொடங்கியது.

கணக்கை அப்போதுதான் போட்டுப் பார்த்தேன். நான்கு முகடுகளுக்கும் உள்ளே அடங்கும் பரப்பு 7 அடிக்கு 7 அடி, ஏறத்தாழ நாலரைச் சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் பெய்தால் 450 லீற்றர் தண்ணீர் அந்த நாலடி முற்றத்துக்குள் வந்து இறங்கும். வெளியேற வழியில்லாவிட்டால் முற்றத்தில் மட்டும் ஓரடி ஆழத்துக்கு நிற்க வேண்டியது, தரை ஒரே மட்டம் என்பதால் நான்கு சார்களுக்கும் பரவியது. உமி ஊறிப் புளித்தது. ஈரப் படுக்கையில் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும் என்பதை விடலைகள் தலையைத் தொங்கப் போட்டு மூலையில் நின்ற பிறகுதான் அறிந்தேன். கால்நடை வைத்தியர் தந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து இரண்டைக் காப்பாற்றினோம், இரண்டு செத்தன.

அம்மம்மா வீட்டு முற்றம் விறாந்தையை விட ஒரு முழம் பள்ளமாக இருந்ததும், அதன் வடகிழக்கு மூலையில் சுவருக்கு அடியால் ஒரு தூம்பு வெளியே போனதும், மழை நாளில் அந்தத் தூம்பு வாயில் நாங்கள் கடதாசிக் கப்பல் விட்டதும் அப்போது நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் கையால் தொட்டு விளையாடிய ஒன்றை, அளவு எடுக்கும்போது நான் ஒரு உறுப்பாகவே எண்ணவில்லை.

அதோடு முடியவில்லை. மார்கழியில் ஒரு விடியலில் வடக்குச் சாரின் வெளியே இரண்டு ஓடுகள் உடையாமல் புல்லில் கிடந்தன. முகட்டுக்குக் கீழே, ஓடு இருந்த இடத்தில், இரண்டு சிலாகைகளுக்கு இடையே ஏழு அங்குல வெளி. உள்ளே இரண்டு பேடுகள் இல்லை. தடிக்குக் கீழே இறகு மட்டும் கிடந்தது. முருங்கை மரத்தால் வந்த மரநாய், சும்மா அடுக்கி வைத்த ஓட்டைக் கையால் நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டு இறங்கியிருக்கிறது. முற்றத்தின் மேல் நான் போட்டிருந்த அறுகோணக் கோழிவலையிலும் ஒரு பக்கம் பிய்த்துப் பார்த்த அடையாளம் இருந்தது. அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பல்லுள்ள பிராணியை வெளியே நிறுத்தாது.

2024 பங்குனியில் திருத்த வேலை. மேசன் அண்ணை வந்து, பழையதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், முதலில் தூம்புக்கு இடம் பார்த்தார். முற்றத்தின் தரையை உடைத்து மூன்று அங்குலம் இறக்கி, வடகிழக்கு மூலைக்குச் சரிவு கொடுத்து, மூன்றங்குலக் குழாயை அத்திவாரக் கல்லைக் குடைந்து வாழைப் பாத்திக்கு விட்டோம். வெளிவாயில் எலியும் பாம்பும் ஏறாதபடி கம்பித் தட்டு. சார்களின் தரையை ஆறு அங்குலம் உயர்த்தினோம். இப்போது முற்றத்துக்கும் சாருக்கும் ஒன்பது அங்குல வித்தியாசம். பிறகு ஓடு முழுவதையும் கழற்றி அடுக்கிவிட்டு, சிலாகையின் மேல் அரை அங்குலக் கண்ணுள்ள, ஒட்டி இணைத்த கம்பிவலையை விரித்து, அதன் மேல் ஓடுகளை மீண்டும் வேய்ந்தோம். இதில் 60 ஓடு உடைந்தது. முற்றத்தின் மேலும் சுவரின் மேலும் அதே வலை. முற்றத்து வலையைக் கீல் வைத்த சட்டத்தில் மாட்டியதால் கூட்டிக் கழுவும்போது திறந்து நிமிர்ந்து நிற்க முடிகிறது. முருங்கையின் கூரைப்பக்கக் கிளைகளையும் வெட்டினேன்.

செலவு விவரம்: ஓடு 28,500, பனைமரம் 14,400, சீமெந்து ஆறு பை 14,400, சுண்ணாம்பு 4,500, மணலும் சல்லியும் 15,000, கோழிவலை 6,800, மேசன் ஏழு நாள் 35,000, கையாள் ஆறு நாள் 21,000, ஓடாவியார் நான்கு நாள் 20,000, பலகையும் செதுக்கும் 9,500. ஆக முதல் வேலைக்கு 1,69,100 ரூபாய். திருத்தத்துக்குக் கம்பிவலை 75 அடி 24,000, குழாய் சீமெந்து முதலியன 7,000, மேசன் இரண்டு நாள் 10,000, ஆக 41,000. முதலிலேயே தூம்பும் நல்ல வலையும் போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இரண்டு பேடும் இரண்டு விடலையும் இருந்திருக்கும்.

இப்போது வாரம் ஒரு முறை ஈர்க்குமாறால் தூம்பின் கம்பித் தட்டைக் கூட்டுகிறேன், இறகும் உமியும் அங்கேதான் சேர்கின்றன. சித்திரைக்கு முன் ஒரு முறையும் ஐப்பசிக்கு முன் ஒரு முறையும் வெள்ளையடிக்கிறேன். செள்ளு இதுவரை தென்படவில்லை. மாற்ற வேண்டியது ஒன்று இன்னும் இருக்கிறது. முன்சாரின் முகடு 5 அடி என்பதால் அம்மாவால் குனிந்து உள்ளே போக முடியவில்லை. முட்டையை வெளியே இருந்து எடுக்கிறார், ஆனால் அடை வைத்த பேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறார். வருகிற வைகாசியில் சங்கடப்படலையையும் அதன் பின்னுள்ள முன்சாரையும் மட்டும் ஆறேகால் அடிக்கு உயர்த்தப் போகிறோம். ஓடாவியார் வந்து அளவு எடுத்துவிட்டார். இரண்டு புதிய கைமரமும் நாலடி முகட்டுவளையும் போதும் என்கிறார், செதுக்குப் பலகையைக் கழற்றி அப்படியே மேலே பூட்டிவிடலாமாம்.